மேட்டுக் குழியில் எட்டு

ஏழாவது பந்து குழியில் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் என் கண் எட்டாவதைத் தேடிப் போய்விட்டது.

போட வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்று. மஞ்சள் பந்து. என் குழிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. வெள்ளைப் பந்து அதற்கு நேர் பின்னால். கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தாலும் விழ வேண்டிய பந்து. குனிந்தேன். மூச்சைப் பிடித்தேன். குச்சியைத் தள்ளினேன்.

மஞ்சள் பந்து நேராகத்தான் போனது. குழியின் இந்த உதட்டில் ஒரு முட்டு, அந்த உதட்டில் ஒரு முட்டு. பிறகு, கல்யாண வீட்டு வாசல்வரை வந்துவிட்டுக் கோபித்துக்கொண்டு திரும்பும் சம்பந்தி மாதிரி வெளியே வந்து நின்றுகொண்டது.

"ஏழு" என்றார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மச்சான் சீனிச்சாமி.

"எனக்கு எண்ணத் தெரியும் மச்சான்."

"தெரியாதுன்னு யாரு சொன்னா? ஏழு வரைக்கும் நல்லாத்தானே தெரியுது."

அந்தக் குச்சியை நான் என்ன செய்ய நினைத்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்கிறாள் மருமகள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை.

இது நடந்தது போடியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், தார்ப்பாய்க் கடைக்கு மேல்மாடியில். செல்வி என்கிற பெண் அங்கே பூல் மேசை ஒன்று போட்டு நடத்துகிறாள். சாயங்காலமானால் காலேஜுப் பிள்ளைகள் வந்து நிறைந்துவிடுவார்கள். காலையில் ஈ, காக்கா இருக்காது. நாங்கள் இரண்டு கிழவர்கள்தான் இருப்போம்.

செல்வி துணியைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே சொன்னாள்: "பெரியப்பா, நீங்க பலமா அடிக்கிறீங்க. லேசாத் தட்டுனாலே விழுந்திருக்கும். மேசை என்ன மலையா, ஏத்தி விடுறதுக்கு?"

இதே வார்த்தையை அவள் இரண்டு மாதமாகச் சொன்னாள். நானும் இரண்டு மாதமாகத் தலையை ஆட்டினேன். கை கேட்டால்தானே?

ஒத்தக்குழி

ஜீப்புக்குள் ஆடு குட்டி போட்ட கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் படித்துவிட்டு, சிலமலையிலிருந்து ஒரு வாசகர் போன் பண்ணினார். "மலையில பந்து விளையாண்டேன், மலையில பந்து விளையாண்டேன்னு நாலு வாரமாச் சொல்றீங்க. என்ன விளையாண்டீங்கன்னு சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயம். ஆனால் தள்ளிப்போட்டது நான் இல்லை. என் மச்சான். அதற்குக் காரணம் இருக்கிறது. வருகிறேன்.

முதலில் ஆட்டம். மேசைக்கு ஆறு குழி. மற்ற ஆட்டங்களில் எதில் வேண்டுமானாலும் போடலாம். ஒத்தக்குழி ஆட்டத்தில் அது கிடையாது. மேசையின் ஒரு கோடியில் இரண்டு மூலைகளிலும் உள்ள இரண்டு குழிகள்தான் கணக்கு. ஒன்று உன்னுடையது, மற்றது என்னுடையது. மேசையில் பதினைந்து பந்து. யார் முதலில் எட்டுப் பந்தைத் தன் குழியில் போடுகிறாரோ அவர் ஜெயித்தார். பந்து விழுந்தால் மறுபடி நீயே அடிக்கலாம். தவறினால் குச்சி அடுத்தவன் கைக்குப் போய்விடும்.

ஒன்று, இரண்டு என்று பொறுக்கி எட்டு சேர்ப்பவர்கள் நிறையப் பேர். நடுவில் தவறாமல், குச்சியை அடுத்தவனுக்குக் கொடுக்காமல், ஒரே மூச்சில் எட்டையும் ஒரே குழியில் இறக்குவது வேறு. அதை நான் செய்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

அந்த ஒரு தடவைதான் என் தலைவலி.

ஏறுகிற வண்டிக்கு வழி

போடிமெட்டு தாண்டி, கேரளா எல்லைக்குள் ஒரு ஏலக்காய் எஸ்டேட். நானும் சீனிச்சாமியும் அங்கே ஜீப்பு டிரைவர்கள். விடிவதற்குள் போடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவோம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவர்களை நாங்கள் எண்ணுவது கிடையாது.

மலை ரோட்டில் ஒரு சட்டம் உண்டு. ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் வளைவில் எதிரெதிரே வந்துவிட்டால், இறங்குகிறவன்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறுகிறவனை நிறுத்தினால் அவன் மறுபடி வண்டியை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். இந்தச் சட்டத்தை மீறியவனுக்கு மலையில் ஒருத்தனும் பீடிக்கு நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டான்.

எஸ்டேட்டு பங்களாவின் கூடத்தில் எந்தக் காலத்து வெள்ளைக்காரனோ போட்டுவிட்டுப் போன மேசை ஒன்று கிடந்தது. எங்கள் மேனேஜர் கோட்டயத்துப் பக்கத்து ஆள். கல்யாணத்துக்கு முன்னால் கப்பலில் வேலை பார்த்தவர். ஒத்தக்குழி ஆட்டத்தை ஏதோ ஒரு துறைமுகத்தில் கற்றுக்கொண்டாராம். மழைக்காலத்தில் காட்டுக்குள் வேலை நின்றுவிடும். அப்போது பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் குச்சியைக் கையில் கொடுத்தார். நாங்கள் பந்தைத் துவம்சம் பண்ணும்போதெல்லாம் "பதுக்கே, பதுக்கே" என்று கத்துவார். மெதுவாக என்று அர்த்தம்.

பங்களா சரிவில் கட்டியது. தரை போடி பார்த்த பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. தரையோடு மேசையும் இறங்கியிருந்தது. ஆகவே இரண்டு குழியில் ஒன்று மேட்டுக் குழி, ஒன்று பள்ளக் குழி. பள்ளக் குழிக்காரனுக்குப் பந்து தானாகவே உருண்டு வரும். மேட்டுக் குழிக்காரன் ஏற்றித்தான் போட வேண்டும்.

இதற்கு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மேசைக்குக் கீழே சக்கை கொடுத்துச் சமப்படுத்தியிருக்கலாம். எந்த ஊர்க்காரனும் அதைத்தான் செய்வான். நாங்கள் ரோட்டுச் சட்டத்தை மேசைமேல் கொண்டுவந்தோம். ஏறுகிறவனுக்கு வழி. மேட்டுக் குழிக்காரன்தான் முதல் அடி அடிப்பான். பள்ளக் குழிக்காரன் ஒதுங்கி நிற்பான். இன்னொன்று: மேட்டுக் குழிக்குப் போகிற பாதையில் பந்தை நிறுத்தி மறிக்கக் கூடாது. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். மறிப்பதுதான் இந்த ஆட்டத்தில் பாதி என்றார். எங்களுக்கு அது பெரிய பாவமாகப் பட்டது.

புது ஜீப்பு

ஒரு வருஷம் எஸ்டேட்டுக்குப் புது ஜீப்பு வந்தது. சீட்டில் பாலித்தீன்கூடக் கிழிக்கவில்லை. நான் ஓட்டியது தகரம் பூராவும் ஆடுகிற வண்டி. மச்சான் வண்டியில் முதல் கியர் விழுவது சாமி புண்ணியம். இரண்டு பேருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது.

"நிங்கள் ரெண்டு பேரும் களிச்சுத் தீர்மானிக்கு" என்றார் மேனேஜர். ஒத்தக்குழி ஆடி, ஜெயிக்கிறவன் புது ஜீப்பை எடுத்துக்கொள்ள வேண்டியது.

மறுநாள் காலை, ஆட்களைக் காட்டில் இறக்கிவிட்டு வந்து ஆடினோம். சாரல் விடாமல் பெய்தது. பக்கத்து ஸ்டோரில் ஏலக்காய் உலரப் போட்டிருந்தார்கள். விறகுப் புகையும் காய் வாசனையும் கூடம் முழுக்க. மூன்றாவது டிரைவர் கருப்பையா ஜன்னலில் சாய்ந்து நின்றான். அவனுக்கு ஆட்டமும் தெரியாது, அக்கறையும் கிடையாது. டீ வரும் என்று வந்தவன்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மேட்டுக் குழி. முதல் அடி நான் அடித்தேன். அடுத்து மச்சான் ஒன்று போட்டார், அடுத்ததைத் தவறவிட்டார். அதற்குப் பிறகு குச்சி அவர் கைக்குப் போகவே இல்லை.

ஒன்று ஞாபகம் இருக்கிறது. அன்று பந்துகள் கனமாக இருந்தன. வழக்கமான அடிக்கு வழக்கமான தூரம் போகவில்லை. சாரலில் துணி ஈரம் வாங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வண்டி திணறினால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதில்லையா? மிதித்தேன். ஒவ்வொரு பந்தையும் கூடப் பலம் கொடுத்து ஏற்றினேன். எட்டாவது பந்து குழி வாசலில் போய் யோசித்து நின்று, பிறகு விழுந்தது.

மேனேஜர் "கலக்கி!" என்று என் முதுகில் ஒரு அறை விட்டார்.

மத்தியானம் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். சாப்பாட்டு நேரத்துக்குப் பங்களாச் சமையல்காரர் கூடத்துக்குள் போயிருக்கிறார். அங்கே சீனிச்சாமி கையில் ஒரு மரக்கட்டையோடு நின்றிருக்கிறார். சரிவில் நிறுத்தும்போது ஜீப்புச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்போமே, அந்த ஆப்புக் கட்டை. மலை டிரைவர்கள் ஒவ்வொருவர் வண்டியிலும் இரண்டு மூன்று கிடக்கும்.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். மச்சான் கட்டையை மேனேஜரிடம் நீட்டினார். "மேசைக் காலுக்கு அடியில இருந்துச்சு சார். அதான் உருவுனேன். மேசையச் சாச்சு வெச்சிருந்திருக்காங்க."

யார் சாய்த்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? ஜெயித்தவன் நான். எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"நான் வைக்கல" என்றேன்.

"மதி" என்றார் மேனேஜர். போதும் என்று அர்த்தம். புது ஜீப்புச் சாவியைத் தூக்கி, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த கருப்பையாவிடம் கொடுத்துவிட்டார். அவன் டம்ளரைக் கீழே வைக்காமலேயே வாங்கினான்.

ஜீப்பு போனால் போகட்டும். அன்றையிலிருந்து மலையிலும் போடியிலும் எனக்குப் பெயர் 'கட்டை டிரைவர்'. என் கல்யாணப் பத்திரிகைப் பெயர் தெரியாத ஆட்கள்கூட இந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார்கள். என் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "யாரு, கட்டை டிரைவர் மகனா?" என்று கேட்டார்கள். காரணம் தெரியாமல் மகன் சிரித்தான். எனக்குத் தோசை இறங்கவில்லை.

எட்டு மில்லி

என் வீட்டுக்காரி பாண்டியம்மாள் சீனிச்சாமியின் கூடப் பிறந்தவள். ஏலக்காய் பொறுக்குகிற வேலையில் இருந்தவள். காயை விரலில் உருட்டியே பருமன் எட்டு மில்லியா, ஏழு மில்லியா என்று சொல்லிவிடுவாள். பிறகு சல்லடையில் போட்டுப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பொம்பளை. என் எட்டு மட்டும் அவளுக்குப் பெரிதாகத் தெரியாது.

"அந்தப் பந்து உழுந்தா என்ன, உழாட்டி என்ன? ரேசன் கடைக்குப் போயிட்டு வெரசா வாங்க" என்பாள்.

ஆனால் ஒவ்வொரு விசேஷத்திலும் நான் அந்த எட்டைப் பற்றி வாயெடுத்தால், அவள் அண்ணன் எதிர்ப் பந்தியிலிருந்து, "மேசை சாஞ்சிருந்துச்சு மாப்ளே" என்று ஒரு வார்த்தையை எறிவார். உடனே சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் பார்வை இலையில் இருக்கும். எனக்காகக் கொஞ்சம், அண்ணனுக்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. கட்டையை நான் வைக்கவில்லை. ஆனால் கட்டை அங்கே இருந்தது நிஜம். அது மேட்டைப் பள்ளமாக்கியிருந்தால்? எட்டையும் போட்டது நானா, கட்டையா?

ரசமட்டம்

வாராவாரம் வருகிற இந்தப் பத்திரிகையில் தொடர் எழுதப் போகிறேன் என்றதும் மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எல்லாத்தையும் எழுது. அந்த எட்ட மட்டும் எழுதாத. நாலு பேரு படிக்கிற புத்தகத்துல பொய் வரக் கூடாது."

"பொய்யா?"

"மட்டமான மேசையில ஒரு தடவ எட்டு போட்டுக் காட்டு. உம் பேத்தி காதுகுத்துல பந்திக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு, எம் மாப்ளே கட்டை வெக்கிற ஆளு இல்லன்னு நானே சொல்றேன். போட முடியலன்னா, அந்தப் பேச்ச அன்னியோட விட்டுரணும். எழுதவும் கூடாது, பேசவும் கூடாது."

சரி என்றேன். பேத்தியின் காதுகுத்துக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது.

அப்படித்தான் செல்வியின் மாடிக்கு வந்து சேர்ந்தோம். மச்சானின் மகன் கொத்தனார். அவனுடைய ரசமட்டத்தை மஞ்சள் பையில் போட்டுத் தினமும் தூக்கிவருவார். மேசையின் நான்கு பக்கமும் வைத்து, உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

"நேத்துப் பாத்தீங்கள்ல மாமா? மேசை ராவோட ராவா எந்திரிச்சா நடக்குது?" என்பாள் செல்வி.

"மேசைய நம்பக் கூடாது ஆத்தா. மேசையில விளையாடுறவன நம்பலாம்." அப்போது அதை என்னைக் குத்துவதற்காகச் சொன்னார் என்றே நினைத்தேன்.

எட்டு பந்து தொடர்ந்து போடுவதற்குப் பழகுவது சாமானியம் இல்லை. எதிராளி வேண்டாம். பதினைந்து பந்தையும் மேசையில் கொட்டிவிட்டு, ஒரே குழியில் எத்தனை போட முடியும் என்று பார்க்க வேண்டும். தவறினால் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டி, முதலிலிருந்து. முதல் வாரம் இரண்டுக்கு மேல் தாண்டவில்லை. குழிக்குப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஆசைப்பட்டு முதலில் போட்டுவிடுவேன். பிறகு தூரத்துப் பந்துகள் என்னைப் பார்த்துச் சிரிக்கும். பக்கத்தில் இருப்பதை நெருக்கடிக்கு விட்டுவைக்க வேண்டும் என்று புத்தியில் ஏற இரண்டு வாரம் ஆனது.

எல்லாப் பந்தும் ஒரே மூலைக்குப் போவதால், வெள்ளைப் பந்து ஒவ்வொரு அடிக்கும் பிறகு திரும்பி வர வேண்டும். போனது போனபடி அந்த மூலையிலேயே உட்கார்ந்துவிட்டால் அடுத்த பந்தை எப்படி அடிப்பது? ஆளை இறக்கிவிட்டு ஜீப்பு உடனே அடுத்த லோடுக்குக் கீழே வருகிற மாதிரி. ஒரு பந்தை அடிக்கும்போதே அடுத்த பந்துக்கு எங்கே நிற்பேன் என்று தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு வரும். கொண்டை ஊசி வளைவில் அடுத்த வளைவைப் பார்த்து ஸ்டியரிங் ஒடித்தவன்தானே நான்.

வராதது ஒன்றே ஒன்று. மெதுவாக அடிப்பது. கண்ணில் ஆபரேஷன் செய்ததில் எல்லாம் பூதக்கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் தெரிகிறது, குறி தப்பவில்லை. ஆனால் பந்து குழி வாசலில் வேகமாகப் போய் முட்டி வெளியே துள்ளுகிறது. நாலு, ஆறு, ஐந்து, ஏழு. மறுபடி நாலு. இடுப்பு வேறு பிடித்துக்கொள்ளும். மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலையை உரித்துக்கொண்டே எண்ணுவார். நான் அடிக்கக் குனியும்போதுதான் அவருக்குத் தொண்டை கரகரக்கும். அதுவும் எட்டாவது பந்துக்கு என்று ஒரு தனி இருமல் வைத்திருந்தார்.

கடைசி நாள்

தொடக்கத்தில் சொன்ன மஞ்சள் பந்துச் சமாச்சாரம், காதுகுத்துக்கு முந்தின நாள் நடந்தது. அன்றைக்கு நாலாவது முயற்சி. இதற்கு மேல் இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

குச்சியைச் சுவரில் சாத்தினேன். மஞ்சள் பந்து குழி வாசலில் அப்படியே நின்றது. அதை விரலால் தள்ளி உள்ளே போட்டேன். அதற்கு மட்டும் சத்தமில்லாமல் விழுந்தது, சனியன்.

"மச்சான்" என்றேன். "நீ சொன்னதுதான் சரி. அன்னிக்கு மேசைதான் போட்டிருக்கு. நான் போடல. இனிமே அதைப் பேச மாட்டேன். எழுதவும் மாட்டேன்."

அவர் இருமவில்லை. கடலைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ரசமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அதை வெளியே எடுத்தார். மறுபடி வைத்தார்.

கீழே டீக்கடையில் இரண்டு டீ வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்தார். பஸ்சு ஒன்று குமுளிக்கு ஆள் கூவிக்கொண்டிருந்தது.

"நீ கேக்கவே இல்லியே மாப்ளே" என்றார்.

"எத?"

"கட்டை எந்தக் காலுக்குக் கீழ இருந்துச்சுன்னு."

டீ டம்ளரை உதட்டிலிருந்து எடுத்தேன்.

"ஒருத்தனும் கேக்கல. மேனேஜரும் கேக்கல, நீயும் கேக்கல. காலையில பால் கேன் குடுக்கப் போனப்போ நாந்தான் வெச்சேன். மேட்டுக் குழிப் பக்கத்துக் காலுல. சீட்டு குலுக்கும்போது உனக்குத்தான் மேடு விழுகுற மாதிரி மடிச்சதும் நாந்தான்."

"மேட்டுப் பக்கமா?"

"ஏறுற வண்டிக்குத்தானே முதல் வழி? இன்னுங்கொஞ்சம் ஏறட்டும், பாப்போம்னு வெச்சேன். நீ பாட்டுக்கு எட்டையும் ஏத்திட்ட. கட்டைய உருவப் போனேன், சமையக்காரன் வந்துட்டான். வாயில வந்தத உளறிட்டேன். அப்புறம் நாள் போகப் போக எப்படிச் சொல்றது?"

அழுகை வரும் என்று நினைத்திருப்பீர்கள். வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயை அவர் வேட்டியில் ஊற்றிவிட்டேன். கொதிக்கிற டீ இல்லை. அவர் நகரவும் இல்லை.

நாற்பது வருஷம்! சாய்ந்த மேசை என்றாரே தவிர எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஒரு நாளும் சொல்லவில்லை மனுஷன். பொய்யும் சொல்லவில்லை, நிஜமும் சொல்லவில்லை. அன்றைக்குப் பந்து கனத்ததும், துணி ஈரம் என்று நான் மிதித்ததும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் என் கை இன்னும் அந்தக் கட்டைமேல்தான் பந்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது. செல்வி கரடியாகக் கத்தியும் கேட்காத கை.

வீட்டுக்கு வந்து பாண்டியம்மாளிடம் கொட்டினேன். அண்ணனைத் திட்டுவாள் என்று பார்த்தேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவன் திருட்டுப் பய, சரி. நீங்க? எந்தக் காலுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? ஒரு வார்த்த! வாயி என்ன வாடகைக்கா விட்டிருந்தீங்க?"

நான் ரேசன் கடைக்குப் போய்விட்டேன்.

பந்தியில்

நான் எட்டு போடவில்லை. பேச்சுப்படி மச்சான் எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. காதுகுத்தில் பேத்தி கத்தி முடித்து, முதல் பந்தி பாதியில் இருக்கும்போது, சாம்பார் வாளிக்காரரை ஒதுக்கிவிட்டு எழுந்தார். டீக்கறை போகாத அதே வேட்டி.

"அந்தக் கட்டைய வெச்சது நான்" என்றார். "எம் மாப்ளே இல்ல. நாந்தான் வெச்சேன்."

பாதிப் பேருக்கு எந்தக் கட்டை என்றே தெரியாது. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மூன்றாவது இலையில் கருப்பையா இருந்தான். புது ஜீப்பைப் பதினோரு வருஷம் ஓட்டித் தேய்த்தவன். காது கொஞ்சம் மந்தம். கையை மடக்கிக் காதில் வைத்தான்.

"எந்தக் காலுல வெச்ச?"

நாற்பது வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். ஆட்டமே தெரியாதவன்!

"மேட்டுக் காலுல."

கருப்பையா பிசைந்த சோற்றை இலையில் வைத்தான். ஆட்டம் தெரியாவிட்டாலும் மலை ரோடு தெரிந்தவன். "ஏறுறவனையா மறிச்ச?" என்றான். "ஏப்பா சீனி, ஏறுறவனையா?"

மச்சான் நின்றுகொண்டே இருந்தார். உட்கார் என்று யாராவது சொன்னால்தான் உட்காருவார் போலிருந்தது. கடைசியில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இதுவும் என் தலையில்.

"உக்காரு மச்சான். ரசம் வருது."

வாசலில் செருப்பைத் தேடும்போது கருப்பையா பின்னால் வந்து நின்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். என் சொந்தப் பெயர். அவன் வாயில் அதைக் கேட்டு எனக்குத் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்தது, இனி மாடிப்படி ஏற வேண்டாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மச்சான் வாசலில் நிற்கிறார். கையில் மஞ்சள் பை.

"இன்னும் என்ன மச்சான்? அதான் சொல்லிட்டியே."

"அது மேட்டுல போட்ட எட்டு மாப்ளே. யாரு இல்லேங்கிறா? மட்டத்துல ஏழுதானே?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மேசையில் பந்துகளைக் கொட்டினேன். பெஞ்சில் அவர் கடலையைப் பிரித்தார்.